உள்ளச்சோர்வும் உவகை ஊற்றும்



இளமைப் பருவத்தில் சிலரைப் பற்றிக்கொள்ளும் உள்ளச்சோர்வு என்னும் நோயைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்நோயின்போது நம் மூளையில் நிகழ்வது என்ன என்பதைப் பற்றியும் அறிவியலறிஞர் கண்ட சில உண்மைகளைச் சொல்ல எண்ணியுள்ளேன். பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். ‘சோம்பேறி’ என்னும் சொல்லை வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சோம்பலுக்கு அச்சொல் பொருந்தும், நோய்க்குப் பொருந்தாது. இரண்டையும் பிரித்தறியும் அறிவு நமக்கு வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

துயரம் வேறு, உள்ளச்சோர்வு வேறு. துயரம் மனித வாழ்வுக்கு இயல்பானது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது அழுகையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், தன் நிலையிலிருந்து தளர்தல், வறுமை ஆகிய நான்கும் அதற்குக் காரணம் என்று வகுத்தார். காரணம் பற்றி வரும் துயரம், காலம் செல்லச் செல்லத் தணிகிறது. பாட்டி இறந்த வீட்டில் அழுத பிள்ளை, சில நாள் கழித்துத் தெருவில் ஆடத் தொடங்கிவிடுகிறது. உள்ளச்சோர்வு அவ்வாறு தணிவதில்லை. ஒரு காரணத்தால் தொடங்கினாலும், காரணம் மறைந்த பின்னும் அது தங்கிவிடக்கூடும். வெளிப்படையான காரணம் ஏதும் இன்றியும் வரக்கூடும்.

மருத்துவர்கள் இந்நோய்க்கு இரண்டு தலைமையான அறிகுறிகளைச் சொல்கின்றனர். ஒன்று, நாள் முழுவதும் நீங்காத மனவாட்டம். இளைஞரிடம் இது சில வேளைகளில் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படும். மற்றொன்று, முன்பு விரும்பிய செயல்களில் விருப்பம் அற்றுப்போதல். இவற்றுள் ஒன்றேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனோடு உறக்கக் கேடு, உணவில் மாற்றம், காரணமற்ற களைப்பு, கவனம் நிலைக்காமை, தன்னையே பழித்துக்கொள்ளுதல் முதலியனவும் சேருமானால் அது நோய் எனக் கருதி மருத்துவரை நாட வேண்டும்.

இது யாரோ சிலருக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டா. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் துன்புறுகின்றனர் என்று அதில் தெரியவந்தது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மூன்று பேர் நமக்குத் தெரியாமல் ஒரு சுமையைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

நான் அறிந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டா. தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள எங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவன். கரும்பு பயிரிடும் உழவரின் மகன். சடுகுடு ஆட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஆடுகளத்துக்கு வருவதை நிறுத்தினான். பிறகு நண்பர்களோடு பேசுவதைக் குறைத்தான். பிறகு பள்ளிக்கும் நாள் தவறி வரலானான். “சோம்பல் முற்றிவிட்டது ஐயா, நாலு அடி கொடுத்தால் சரியாகிவிடும்” என்றார் தந்தை. நான் அவனைத் தனியே அழைத்து, “ஆட்டம் பிடிக்காமல் போய்விட்டதா, தம்பி?” என்று கேட்டேன். “பிடிக்காமல் இல்லை ஐயா. போக வேண்டும் என்றே தோன்றமாட்டேன் என்கிறது” என்றான்.

மாணவர்களே, அந்த மறுமொழியைக் கவனியுங்கள். பிடிப்பது வேறு, வேண்டும் என்று தோன்றுவது வேறு. அவன் அறியாமலே சொன்ன இந்த வேறுபாட்டைக் கண்டறிய மூளை ஆராய்ச்சியாளர்க்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற கல்வி உளவியலில் ‘விளைவு விதி’ என்று ஒன்று உண்டு. தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர், பூனைகளைக் கூண்டில் இட்டுச் செய்த சோதனைகளை 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். கூண்டின் தாழைத் தற்செயலாகத் திறந்து வெளியே வந்து உணவு பெற்ற பூனை, அடுத்தடுத்த முறைகளில் விரைந்து திறக்கக் கற்றுக்கொண்டது. இன்பம் தரும் விளைவை உடைய செயல் உறுதிப்படுகிறது. அத்தகைய விளைவு இல்லாத செயல் தேய்ந்துபோகிறது. இதுவே அவ்விதியின் சாரம். இவ்வேலையைச் செய்யும் இடம் மூளைக்குள் எங்கே இருக்கிறது என்பது அன்று தெரியவில்லை.

1954ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்சும் மில்னரும் அதற்கு ஒரு வழி கண்டனர். எலிகளின் மூளையில் குறிப்பிட்ட சில இடங்களில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் சிறிது மின்சாரம் பாயுமாறு செய்தனர். எலிகள் அந்த நெம்புகோலை ஓயாமல் அழுத்தின. மூளையில் ஊக்கத்துக்கென்றே சில பாதைகள் இருக்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

அப்பாதைகளில் இயங்கும் பொருள்களில் முதன்மையானது டோபமின். அதன் பெருமை வெளிப்பட்ட வரலாற்றில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், குருதி அழுத்தத்தைக் குறைப்பதில் அதன் ஆற்றலை உலகுக்கு எடுத்துரைத்தார். 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் 1957இல் அம்மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளை அவற்றுக்குச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் தனிப்பணி ஆற்றுகிறது என்று மெய்ப்பித்த கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

டோபமின் என்பது இன்பத்தை உண்டாக்கும் பொருள் என்று இக்காலத்தில் பலர் பேசக் கேட்கிறோம். அது முழு உண்மை அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிட்ஜ் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் இறுதியில் ஒரு சோதனை செய்தனர். டோபமின் ஏறத்தாழ முற்றும் அற்றுப்போன எலிகளின் நாவில் சர்க்கரை நீரை விட்டனர். எலிகள் நாவைச் சுழற்றி, முன்போலவே சுவைத்து மகிழும் குறிகளைக் காட்டின. ஆனால் அதே எலிகள் உணவு எதிரே இருந்தும் தாமே சென்று உண்ணவில்லை. ஊட்டினால்தான் உயிர் வாழ்ந்தன. சுவை இருந்தது, நாடிச் செல்லும் விருப்பம் இல்லை. சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரனாகிய எனக்கு இந்தச் சோதனை மறக்க முடியாதது. ‘பிடிக்காமல் இல்லை, போகத்தான் தோன்றவில்லை’ என்று அந்த மாணவன் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

இன்னொரு படி மேலே செல்வோம். வுல்ப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமின் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அவ்வணுக்கள் துடித்தன. சாறு வருமுன் விளக்கு ஒன்று எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், விளக்கு எரிந்தவுடனே துடித்தன. சாறு வந்தபோது வாளாவிருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வாராதபோது, வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு அடங்கிப்போயிற்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அவ்வணுக்கள் கணக்கிடுகின்றன என்று 1997இல் ஷுல்ட்ஸ், தயான், மான்டேக் ஆகிய மூவரும் எழுதினர்.

எங்கள் ஊர் வழக்கில் இதைச் சொல்கிறேன். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. உழவர் ஒருவர் தம் ஏக்கருக்கு நாற்பது டன் தேறும் என்று மதிப்பிட்டுக் கரும்பை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடைமேடை நாற்பத்தைந்து காட்டினால் அவர் முகம் மலர்கிறது. நாற்பதே காட்டினால் அமைதியாகத் திரும்புகிறார். முப்பத்தைந்து காட்டினால் உள்ளம் குன்றுகிறது. நாற்பது டன் என்னும் அதே விளைச்சல், முப்பதை எதிர்பார்த்தவருக்கு மகிழ்ச்சி. ஐம்பதை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். நன்கு விளைந்த அனுபவம் உடையவர், கணுக்கள் திரண்டு நிற்பதை வயலில் கண்டபோதே மகிழத் தொடங்கிவிடுகிறார். அந்த முன்மகிழ்ச்சியே அவரை அடுத்த பருவத்துக்கும் கரணை நடச் செய்கிறது. நம் மூளைக்குள்ளும் இத்தகைய எடைமேடை ஒன்று இரவும் பகலும் இயங்குகிறது எனலாம்.

உள்ளச்சோர்வு உற்றவரிடம் இந்த எடைமேடை மந்தப்படுகிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நல்லது வரும் என்னும் எதிர்பார்ப்பு எழுவதில்லை. நல்லது வந்தாலும் வரவில் ஏறுவதில்லை. இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் 14 வயதுச் சிறுவர் சிறுமியரிடம் இமாஜென் என்னும் பேராய்வு நடத்தப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தவாறே அவர்கள் ஒரு சிறு விளையாட்டை ஆடினர். வெற்றிக்குப் பரிசு உண்டு. பரிசை எதிர்நோக்கும் நொடியில் மூளையின் ஊக்கப் பகுதி குறைவாகக் கிளர்ந்தவர்களில், அன்று நோயற்றவராயிருந்த சிலருக்கும், இரண்டு ஆண்டுகளில் உள்ளச்சோர்வு தோன்றும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டனர். இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

இதனை அளவறிந்து கொள்ள வேண்டும். பலரை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாடு இது. ஒரு மாணவனின் மூளைப்படத்தைப் பார்த்து ‘உனக்கு நோய் வரும்’ என்று எவராலும் கூற இயலாது. மரபு, வறுமை, இழப்பு, கொடுமை, உறக்கமின்மை முதலிய பலவும் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றன. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளையாய் விடுதியில் தங்கியிருக்கும் மாணவிக்கு உள்ள சுமை, அவள் மூளையில் மட்டுமா இருக்கிறது? ஊரைப் பிரிந்த தனிமையிலும், வீட்டாரின் எதிர்பார்ப்பிலும், கையில் காசில்லாத கவலையிலும் இருக்கிறது. மூளையை அறிவது, இவற்றை மறப்பதற்கு ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது.

இனி, தீர்வுக்கு வருவோம். இந்நோயில் ஒரு சுழல் உண்டு. விருப்பம் தோன்றாமையால் செயல் குறைகிறது. செயல் குறைவதால் நல்ல அனுபவம் குறைகிறது. நல்ல அனுபவம் குறைவதால் எதிர்பார்ப்பு மேலும் மங்குகிறது. ‘மனம் சரியாகட்டும், பிறகு செய்வோம்’ என்று காத்திருப்பவர் இச்சுழலிலேயே அமிழ்கிறார்.

நம் கிராமத்து அடிபம்பை எண்ணிப் பாருங்கள். சில நாள் பயன்படாமல் இருந்தால் உள்ளே உள்ள தோல் வாசர் உலர்ந்துவிடும். எத்தனை அடித்தாலும் காற்றுதான் வரும். கிணறு வற்றிவிட்டதென்று யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதில்லை. அண்டை வீட்டில் ஒரு செம்பு நீர் வாங்கி மேலே ஊற்றி அடிக்கிறோம், நீர் ஏறிவருகிறது. உள்ளச்சோர்வுக்கும் இத்தகைய மருத்துவம் உண்டு. விருப்பத்துக்குக் காத்திராமல், மிகச் சிறிய ஒரு செயலை முதலில் செய்தல். செய்த பின் உள்ளம் எவ்வாறு இருந்தது எனக் குறித்துவைத்தல். பின்னர் அதனைச் சிறிது சிறிதாகப் பெருக்குதல். இதனைச் செயலூக்க மருத்துவம் என்று சொல்லலாம். முதற்செம்பு நீரை அண்டை வீட்டார்தாம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் மறவாதீர்கள். நோயுற்றவரைத் தனியே விட்டு ‘எழுந்து ஓடு’ என்றால் அவரால் இயலாது. உடன் நடக்க ஒருவர் வேண்டும்.

இது வெறும் உவமை அன்று. கோவா மாநிலத்தில் 1996இல் தொடங்கப்பட்ட சங்கத் என்னும் நிறுவனத்தின் சார்பில் மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் இதைச் சோதித்துக் காட்டினர். மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்றுவித்தனர். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான உள்ளச்சோர்வு கொண்ட 495 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்போடு, இவ்வகை உரையாடலும் சில அமர்வுகள் அளிக்கப்பட்டது. மூன்று திங்கள் கழிந்தபோது, உரையாடல் பெற்றோரில் நூற்றுக்கு 64 பேர் நோய் நீங்கியிருந்தனர். மற்றவரில் நீங்கியோர் நூற்றுக்கு 39 பேர். 2017இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 18 வயது நிரம்பியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளையோர்க்கு எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். மருந்து உண்பதில் இழிவு ஏதும் இல்லை. காமாலைக்கு மருந்துண்ண நாணுவோமா?

அந்தச் சடுகுடு மாணவனின் தந்தையோடு இரண்டு மூன்று மாலைகள் பேசினேன். முதலில் தயங்கினார். பிறகு மகனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்தும் தந்தார். நாள்தோறும் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையும் சொன்னார். அதிகாலையில் தந்தையோடு வயல்வரை நடந்துவர வேண்டும்; அவ்வளவே. முதல் சில வாரங்கள் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தந்தை விடாமல் உடன் நடந்தார். பல திங்கள் கழித்து ஒருநாள் அவன் ஆடுகளத்தின் ஓரத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வாண்டு அவன் ஆடவில்லை. ஆனால் பள்ளிக்கு ஒழுங்காக வந்தான்.

சமுதாயமும் தன் எடைமேடையைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே தேர்வை ஒரே எடைக்கல்லாக வைத்தால் குறைந்தவர் உள்ளம் உடையாதா? சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகா என்னும் அமைப்பைத் தோற்றுவித்த மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தவறியவர்க்கு ஓராண்டு வீணாகாமல் உடனே மறுதேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அவ்வாறே துணைத் தேர்வுகள் வந்தன. 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது. தவறியவனுக்கு அடுத்த வாயில் அருகிலேயே திறந்திருக்கிறது என்னும் எதிர்பார்ப்பே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

மாணவர்களே, உங்களுக்குச் சில சொற்கள். விருப்பம் அற்று, நாள்கள் பாரமாகத் தோன்றினால் அதை மறைக்க வேண்டா. நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். பெரிய வேலையை எண்ணி மலைக்காமல், முகம் கழுவுதல், செடிக்கு நீர் ஊற்றுதல், ஒரு பக்கம் படித்தல் என்று சிறியதொன்றைத் தொடங்குங்கள். அதுவும் இயலாத நாளில், இயலவில்லை என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு செயலே.

உங்கள் தோழனோ தோழியோ ஒதுங்கத் தொடங்கினால், அறிவுரை கூறுமுன் அருகில் சென்று அமருங்கள். ‘வாழவே வேண்டா என்று எப்போதேனும் தோன்றுகிறதா?’ என்று அன்போடு கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. கேட்பது ஆறுதலே தரும். ‘ஆம்’ என்று மறுமொழி வந்தால், யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டாலும், அவரைத் தனியே விடாமல் உடனே பெரியவர் ஒருவரிடம் தெரிவியுங்கள். அத்தகைய மறைபொருளைக் காப்பது நட்பு ஆகாது. 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய தொண்டு அது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் 2022 தொடக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலையூர் மக்களும் இனி நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பார்களானால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென மந்தமானால், சோம்பேறி என்று பெயரிடுமுன் இரண்டு வாரம் உற்றுப் பாருங்கள். அடி கொடுத்து விருப்பத்தை உண்டாக்க முடியாது. சிறிய முயற்சியைக் கண்டு ஒரு நல்ல சொல் சொன்னால், மந்தமான அந்த எடைமேடையில் அதுவும் ஒரு சிறு எடையாக ஏறும்.

கோடையில் பெண்ணையாறு வறண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகவே கிடக்கும். ஆயினும் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டினால் நீர் சுரக்கும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவரும் அறிவர். ஒருவர் கையால் நெடுநேரம் தோண்ட வேண்டியதை, இருவர் சேர்ந்தால் விரைவில் தோண்டிவிடலாம். உங்கள் அருகில் இருப்பவர்க்கு நீங்கள் அந்த இரண்டாம் கையாக இருங்கள்.